நசுங்கும் குழாய்களின் கதை

எங்கள் அம்பர்நாத் கட்டிடத்தில் காலையில் முனிசிபல் தண்ணீர் வரும்போது சிலர் மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள். (போடக்கூடாது, அது வேறு விஷயம்!) மெல்லிய பிளாஸ்டிக் ஓஸ் மாட்டியிருந்தால் கூத்துதான். லைனில் தண்ணீர் குறைந்ததும் ஓஸ் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். மோட்டார் இழுக்க இழுக்க இன்னும் ஒட்டும், சில சமயம் படபடவென்று துடிக்கும். இரும்புக் குழாயில் இந்தப் பேச்சே கிடையாது.

நம் உடம்பில் ஓடுகிற குழாய்களும் இந்த ஓஸ் ஜாதிதான். ரத்தக் குழாய், தொண்டை எல்லாமே நசுங்கும், விரியும். நான் பி.காம். படித்தவன், சூத்திரம் எல்லாம் எனக்கு ஆகாது. செம்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு வந்த தொல்லையால்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், இதற்கு 300 வருடச் சரித்திரமே இருக்கிறது.

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றதாம்! 1733-ல் புத்தகமாகப் போட்டார். குதிரைக்குச் சரி, மனிதனிடம் இதைச் செய்ய முடியுமா?

1896-ல் இத்தாலியில் ரிவா ரோச்சி என்ற மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயைக் குத்துவானேன், வெளியிலிருந்து நசுக்கினால் போதாதா? கையில் ரப்பர் பை சுற்றிக் காற்றடித்தார். நாடித்துடிப்பு எந்த அழுத்தத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஆனால் இதில் மேல் எண் மட்டும்தான் கிடைக்கும். அவருடைய பட்டை ரொம்பக் குறுகலாக வேறு இருந்தது. குறுகிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். (பருத்த கை உள்ளவர்கள் இன்றைக்கும் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள்.)

கீழ் எண்ணைத் தந்தவர் ரஷ்ய ராணுவ மருத்துவர் கொரோட்காஃப். 1905-ல் அவர் சொன்னது ஒரு பக்கம் கூட வராது. பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள் என்றார், அவ்வளவுதான். பட்டையின் அழுத்தம் மேல் எண்ணைத் தாண்டியிருந்தால் தமனி முழுக்க மூடியிருக்கும், சத்தம் இருக்காது. கீழ் எண்ணுக்கும் குறைவாக இருந்தால் எப்போதும் திறந்திருக்கும், அப்போதும் சத்தம் இல்லை. நடுவில் மட்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடும், டக் டக். டாக்டர் காதில் கேட்பது நசுங்கும் குழாயின் சத்தம். அது எப்படி உண்டாகிறது என்று அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இன்ஜினியர்கள் சண்டை போட்டார்கள் என்பது தனிக்கதை.

அடுத்தது லண்டன். 1912-ல் நோல்டன், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் இதயத்தை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். இதயத்துக்கு எதிராக வேண்டிய அளவு தடையைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. அகலமான கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாயை ஓட விட்டு, சுற்றிக் காற்றை அடைத்தார்கள். இதயத்துக்காகச் செய்த இந்தச் சின்ன உபகரணம், பிற்பாடு ஒரு தனித் துறைக்கே அடித்தளமாகிவிட்டது. "ஸ்டார்லிங் தடுப்பான்" என்கிறார்கள்.

இதில் விசேஷம் என்ன? சாதாரணக் குழாயில் இரண்டு முனைகளின் அழுத்த வித்தியாசம்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். நசுங்கிய குழாயில் கீழ் முனைக்கு மதிப்பே இல்லை! மேல் முனையின் அழுத்தமும், வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தமும்தான் கணக்கு. 1960-களில் அமெரிக்காவில் பெர்மட் என்ற நுரையீரல் ஆராய்ச்சியாளர் இதை அருவிக்கு ஒப்பிட்டார். குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எத்தனை ஆழத்தில் போய் விழுந்தாலும், மேலே எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் கொட்டும்.

இப்போது சித்தப்பா. ராத்திரி அவர் விடும் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "என்னமா தூங்கறார், கொடுத்து வெச்சவர்" என்று எல்லாரும் சிரிப்போம். பிரஷருக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. ஒரு டாக்டர்தான் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "குறட்டை நடுவுல நின்னு போகுதா?" என்று கேட்டார். சித்தி அழுதுவிட்டார். பல வருடங்களாக ராத்திரி அந்த மௌனத்தில் மூச்சு திரும்ப வருகிறதா என்று விழித்துக் காத்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை.

தொண்டையில் எலும்புக்கூடு இல்லாத ஒரு பகுதி இருக்கிறது. தூக்கத்தில் தசை தளர்ந்ததும் அது ஸ்டார்லிங்கின் ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. நெஞ்சு எவ்வளவு இழுத்தாலும் காற்று கூடாது, கடைசியில் மூடியே போகும். 1988-ல் பெர்மட்டும் சேர்ந்து எழுதிய ஆய்வு, இந்த நோயாளிகளின் தொண்டையை அப்படித்தான் அளந்து பார்த்தது. அதற்கு முன்பே, 1981-ல், சிட்னியில் காலின் சல்லிவன் மருந்தில்லாத வைத்தியம் ஒன்றை வெளியிட்டிருந்தார். வாக்குவம் க்ளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, மூக்கு வழியே மெல்ல காற்றை ஊதிக் குழாயை நசுங்காமல் பிடித்து வைத்தார். இழுக்காதே, மேல் முனையிலிருந்து ஊது.

நம் ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் வி. குமரன், மென்மையான சுவருள்ள குழாய்களில் ஓட்டம் எப்போது கலங்கும் என்று பல வருடங்களாக ஆராய்ந்தவர். கெட்டிக் குழாயில் தண்ணீர் கலங்க ரெனால்ட்ஸ் எண் 2,000-ஐத் தாண்ட வேண்டும். 2012-ல் அவரும் வர்மாவும் ஜெல் போன்ற சுவருள்ள குழாயில் சுமார் 500-லேயே கலங்குவதைக் காட்டினார்கள். சுவரும் தண்ணீரும் சேர்ந்து ஆடுவதுதான் காரணம். 2016-ல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

சித்தப்பா இப்போது மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறார். "யானை மாதிரி இருக்கீங்க தாத்தா" என்று பேத்தி கிண்டல் செய்கிறாள். மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. மிஷின் சத்தம் பழகிவிட்டதாம் சித்திக்கு. ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறார்.