சும்மாடு, சுமைதாங்கி, எந்திர உடுப்பு: சுமக்கும் உடலின் வரலாறு

கைகால்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் கூடுதல் பலம் தரும் எந்திர உடுப்புகளைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். இதன் வரலாற்றை 1890இல் ரஷ்யாவின் நிக்கலஸ் யாக்ன் பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்குவது வழக்கம். பெரம்பலூர், அரியலூரிலிருந்து பார்த்தால் வேறு இடத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது.

சும்மாட்டை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்வதில்லை. சுமைக்கும் மண்டைக்கும் நடுவே சுருட்டி வைத்த துணி, அவ்வளவுதான். ஆனால் அது செய்கிற காரியம் முக்கியமானது. சுமையின் எடையைக் குறைக்காது, வலியைக் குறைக்கும். வலி குறைந்தால் இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம். அதாவது, இன்னும் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லலாம்.

சுமைதாங்கி இதற்கு நேர் எதிர். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். 'ஒரு கை பிடிங்க' என்று யாரையும் கூப்பிடாமல், தனியாக வருகிறவர் பாரத்தை இறக்கி வைத்து, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். இது உடலோடு ஒட்டாமல் வழியில் நின்றது. சுமப்பது யார் வேலை என்று சாதி வகுத்ததை இந்தக் கல்லும் தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சியில் வெட்டும் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடு. ஓடு என்பது உடலுக்கு வெளியே இருக்கும் எலும்பு. அதைப் பொடித்துச் சுட்டுத்தான் சிமெண்ட் ஆகிறது. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் ஆலைகள் வந்தன. ஆலைக்குள் மூட்டையை எந்திரம் நிரப்புகிறது, பெல்ட் நகர்த்துகிறது. கடை வாசலில் இறக்குவது மனிதத் தலையும் தோளும்தான். 20 டன் லாரி என்றால் 50 கிலோவில் 400 மூட்டை. நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு 5 டன்.

இந்த இடத்தில்தான் எந்திர உடுப்பு வருகிறது. 1965இல் அமெரிக்க ராணுவத்தின் ஆதரவோடு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்ற உடுப்பைச் செய்யத் தொடங்கியது. 680 கிலோ தூக்க வேண்டும் என்பது இலக்கு. உடுப்பின் எடையும் ஏறக்குறைய அதே 680 கிலோ! 1971 வரை முயன்றும் ஒரு கைதான் ஒழுங்காக இயங்கியது. நடக்க இயலாதவர்களுக்காக அதே காலத்தில் பெல்கிரேடின் மிகைலோ புபின் நிறுவனம் செய்த முயற்சி வேறு வரலாறு. அங்கே தேவை அணிகிறவருடையது. தொழிற்கூட உடுப்பில் தேவை யாருடையது?

2018இல் ஃபோர்டு தன் ஆலைகளில், தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்கிறவர்களுக்கு இத்தகைய உடுப்பைக் கொடுத்தது. முதுகுக்கான உடுப்புகளில் பலவற்றில் மோட்டார்கூடக் கிடையாது. குனியும்போது இழுபட்ட வில்லோ பட்டையோ நிமிரும்போது கை கொடுக்கும். முதுகின் பளு கொஞ்சம் தொடைக்கும் மார்புக்கும் மாறும், மூட்டை அதே மூட்டைதான். சும்மாட்டின் வம்சம் இது.

சுமையைக் குறைத்த வரலாறு தனியே இருக்கிறது. அது சங்கங்களின், சட்டங்களின் வரலாறு. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உடல்நலத்தைக் கெடுக்கும் எடையைச் சுமக்கச் சொல்லக் கூடாது என்று உடன்படிக்கை செய்தது. அதோடு வந்த பரிந்துரை, ஆண்களுக்கு 55 கிலோவை வரம்பாக்கியது. இந்தியா உடன்படிக்கையை ஏற்றது 2010இல். மகாராஷ்டிரத்தில் 1969இல் மாத்தாடிச் சட்டமும், தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் வந்தன. நம் 50 கிலோ மூட்டை அந்த 55க்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் இன்று சிமெண்ட் மூட்டை 25 கிலோ. எந்த உடுப்பும் செய்யாததைச் சாக்கின் அளவு செய்துவிட்டது.

உடுப்பு வேண்டாம் என்பதல்ல வாதம். மே மாத வெயிலில் அதை மாட்டிக்கொள்ளப் போகிறவரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். ஆனால் உடலைத் திருத்துவதற்கு முன்னால், மூட்டை ஏன் 50 கிலோ என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.