மணமில்லாத எரிவாயுவும் நியூ லண்டன் பாடசாலையும்

சமையல் எரிவாயு கசியும்போது எழும் மணம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அழுகிய முட்டை என்பர் சிலர். பழுதடைந்த கோவா என்பர் வேறு சிலர். எதுவாயினும், அந்த மணம் எரிவாயுவுக்குச் சொந்தமானதன்று என்பதைப் பலர் அறியார். நிலத்தடியிலிருந்து பெறப்பட்டுக் குழாய் வழியே வீடுகளுக்கு வரும் மெதேன் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சிலிண்டர்களில் அடைக்கப்படும் புரொப்பேனும் பியூட்டேனும் எச்சரிக்கை தரத்தக்க மணம் உடையவை அல்ல. நாம் நுகர்வது, வேண்டுமென்றே அவற்றுடன் கலக்கப்படும் எதைல் மேர்காப்டன் முதலிய கந்தகச் சேர்வைகளையே. கலந்தே ஆகவேண்டும் என்ற சட்டங்கள் பரவியதற்குப் பின்னால் ஒரு திகதி இருக்கிறது. 1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி, வியாழக்கிழமை.

அதற்கு முந்திய நூற்றாண்டில் நகரங்களுக்கு வெளிச்சம் தந்தது நிலக்கரி வாயு. லண்டனில் 1812ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு கம்பனி அமைந்துவிட்டது. கொழும்பும் காஸ் விளக்கு கண்ட நகரந்தான். புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்ற பெயரும், ஐந்து விளக்குகளின் நினைவாகச் சிங்களத்தில் ‘காஸ் பஹ’ என்று வழங்கும் சந்தியும் அக்காலத்தின் எச்சங்கள். அந்த வழியால் பஸ்ஸில் போய்வரும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பார்களோ தெரியாது. நிலக்கரி வாயுவில் காபன் மொனொக்சைட்டு என்னும் கொடிய நஞ்சு இருந்தது. ஆனால், அதற்கு இயல்பாகவே நாற்றமும் இருந்தது. கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். நிலத்தடி வாயு புழக்கத்துக்கு வந்தபோது நஞ்சு நீங்கியது. கூடவே அந்த எச்சரிக்கையும் நீங்கியது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 1930இல் பெரும் எண்ணெய் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நாடெங்கும் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம் அது. ஆயினும், ரஸ்க் மாவட்டத்திலுள்ள நியூ லண்டன் என்னும் சிற்றூர் எண்ணெய் வரியால் செழித்தது. பத்து லட்சம் டொலர் அளவில் செலவிட்டு அவ்வூரார் கட்டிய பாடசாலை, நாட்டின் வசதிமிக்க கிராமப்புறப் பாடசாலைகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. கட்டடம் முழுவதையும் நீராவியால் சூடாக்கும் ஏற்பாட்டுக்குப் பதிலாக, அறைக்கு அறை எரிவாயுக் கணப்புகளை வைத்தனர். எழுபதுக்கு மேற்பட்ட கணப்புகள்.

இத்தனை வளமுள்ள பாடசாலை, 1937இன் தொடக்கத்தில் எரிவாயுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணியது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் வாயுவில் பெற்றோலைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சும் வாயுவை அக்காலத்தில் கழிவென்று எரித்துவிடுவார்கள். அந்தக் கழிவு வாயு செல்லும் குழாயில் துளையிட்டு இணைப்பு எடுத்துக்கொள்வது அப்பகுதியில் சர்வசாதாரணம். வீடுகளும் தேவாலயங்களும்கூட அவ்வாறு செய்தன. கம்பனிகள் கண்டும் காணாதிருந்தன. பாடசாலையும் தனது பழைய ஒப்பந்தத்தை விட்டு இந்த இலவச வாயுவுக்கு மாறியது. மிச்சமான தொகை மாதம் முந்நூறு டொலருக்கு மேற்படாது.

வாயு எங்கோ கசிந்து, கட்டடத்தின் கீழிருந்த தாழ்வான வெற்றிடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த வெற்றிடம் 250 அடிக்குமேல் நீளமானது. பிள்ளைகள் சிலர் தலையிடி என்று முறையிட்டதாகப் பின்னர் தெரியவந்தது. பிள்ளைகளின் தலையிடியை யார் பெரிதுபடுத்துவார்? மணம் எதுவும் இல்லையே.

அன்று சிறு வகுப்புப் பிள்ளைகள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பெற்றோர், ஆசிரியர் சங்கக் கூட்டம் அருகிலிருந்த உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. தாய்மார் அங்கே கூடியிருந்தனர். பிரதான கட்டடத்தில் ஏறக்குறைய ஐந்நூறு மாணவர்கள். பிற்பகல் மூன்று மணி கடந்துவிட்டது. பாடசாலை விடுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. மரவேலை ஆசிரியர், மரத்தைத் தேய்த்து மினுக்கும் மின்னியந்திரத்தின் ஆளியைப் போட்டார்.

ஓர் ஆளியின் உள்ளே இரு உலோகத் துண்டுகள் தொடும்போதும் பிரியும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறி பறப்பதுண்டு. அது போதுமானதாக இருந்தது. சுவர்கள் வெளித்தள்ள, கூரை எழுந்து மீண்டும் கட்டடத்தின்மேலேயே வீழ்ந்ததாகப் பார்த்தவர்கள் கூறினர். இரண்டு தொன் எடையுள்ள கொங்கிறீட் பாளம் ஒன்று தூக்கியெறியப்பட்டு, தொலைவில் நின்ற காரொன்றை நசுக்கியது.

முதலில் ஓடிவந்தவர்கள் அடுத்த மண்டபத்திலிருந்த தாய்மார். பின்னர் எண்ணெய் வயலிலிருந்து தந்தைமார் பாரந்தூக்கிகளோடும் இரும்பு வெட்டும் கருவிகளோடும் வந்தனர். பீச் பழம் சேர்க்கும் கூடைகளைக் கைமாற்றிக் கைமாற்றி இடிபாடுகளை இரவிரவாக அகற்றினர். பதினேழு மணிநேரத்தில் இடம் வெறுந்தரையாயிற்று. அருகிலுள்ள டைலர் நகரில் மறுநாள் திறப்புவிழாக் காண இருந்த மருத்துவமனை, விழாவைக் கைவிட்டு அன்றே கதவைத் திறந்தது. இறந்தோர் தொகை இன்றுவரை துல்லியமாக இல்லை. எண்ணெய் வயலைத் தேடி வந்த குடும்பங்கள் பல, தங்கள் பிள்ளைகளின் உடல்களைச் சொந்த ஊர்களுக்கு எடுத்துச் சென்றுவிட்டன. 295 பேரளவில் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடிபாடுகளுக்குள் கண்டெடுக்கப்பட்ட ஒரு கரும்பலகையில், எண்ணெயும் எரிவாயுவும் கிழக்கு டெக்சாஸின் பெரும் வரப்பிரசாதங்கள், அவையின்றி இப்பாடசாலையே இராது என்ற கருத்தில் ஒரு வாசகம் எழுதப்பட்டிருந்தது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அந்த இடத்துக்கு முதலிற் போய்ச் சேர்ந்த நிருபர்களுள் ஒருவர், யுனைட்டெட் பிரஸ் நிறுவனத்தின் டலஸ் கிளையில் வேலைபார்த்த இருபது வயது இளைஞர். பெயர் வோல்ற்றர் குரோங்கைற். பின்னாளில் இரண்டாம் உலகப் போரையும் நியூரம்பேர்க் விசாரணையையும் எழுதி, தொலைக்காட்சியில் அமெரிக்கரின் நம்பிக்கைக் குரலாக விளங்கியவர் அவரே. நியூ லண்டனில் கண்டதற்குத் தன் படிப்போ வாழ்க்கையோ தன்னை ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை என்று முதுமையிலும் அவர் சொன்னார். ஜேர்மனியிலிருந்து அனுதாபத் தந்தி அனுப்பியவர்களுள் அதிபர் ஹிட்லரும் ஒருவர் என்பது வரலாற்றின் விசித்திரம்.

நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் நிற்கவில்லை. பாடசாலையோ கம்பனியோ பொறுப்பல்ல என்றே முடிந்தது. ஆனால், சில வாரங்களுக்குள் டெக்சாஸ் சட்டசபை, எரிவாயுவில் நாற்றப்பொருள் கலக்கப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அம்மாநிலத்தின் புகையிரத ஆணைக்குழுவுக்கு. பெயரைக் கண்டு வியக்க வேண்டாம், அங்கே எண்ணெயும் எரிவாயுவும் அதன் கையில்தான். பொறியியலாளர்களைப் பதிவுசெய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பிற மாநிலங்களும் நாடுகளும் தொடர்ந்தன. நாற்றப்பொருள் கலக்கும் வித்தை முன்னரே அறியப்பட்டதுதான். கட்டாயமாக இருக்கவில்லை என்பதே குறை. வெடிக்கக்கூடிய செறிவை வாயு எட்டுவதற்கு வெகு முன்னரே, அதாவது அதன் ஐந்திலொரு பங்கிலேயே, சாதாரண மனிதனின் மூக்குக்கு எட்டவேண்டும் என்பது இன்றைய அமெரிக்க விதி. மெதேன் வெடிப்பதற்குக் காற்றில் ஏறக்குறைய 5 வீதம் கலந்திருக்க வேண்டும். சிலிண்டர் வாயுவுக்கு 2 வீதமே போதும்.

இத்தனையையும் சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருக்கும் என் மூத்த சகோதரிக்குச் சொல்ல நேர்ந்தது. அடுப்பின் திருகு சற்றுத் திறந்தபடி இருந்திருக்கிறது. காலையில் எழுந்து வந்தவருக்கு மணம் முகத்தில் அடித்திருக்கிறது. “உடன ஃபானைப் போட்டிட்டன் தம்பி, மணம் போகட்டும் எண்டு” என்றார், தான் செய்தது கெட்டித்தனம் என்ற தொனியில். “அக்கா, அந்த ஃபான்தான் உங்களைக் கொண்டுபோயிருக்கும்” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப லைற்றை எண்டாலும் நிப்பாட்டலாமோ?” என்று கேட்டார்.

நிறுத்தவும் கூடாது. போடுவதில் எழும் பொறி நிறுத்துவதிலும் எழும். மணம் வந்தவுடன் விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், காற்றாடியைச் சுழலவிடுவதும் நமது கைகளின் பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் அடக்க வேண்டும். ஆளி எந்த நிலையிலிருக்கிறதோ அந்த நிலையிலேயே இருக்கட்டும். தீக்குச்சியும் சாமி விளக்கும் வேண்டவே வேண்டாம். எரிந்துகொண்டிருக்கும் சுடரை அணைத்துவிடுக. கைக்கு எட்டுமாயின் சிலிண்டரின் றெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டிலுள்ளோரை அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். மணம் கடுமையாக இருந்தால் யன்னலுக்காகக்கூடத் தாமதிக்கக் கூடாது. தொலைபேசி எடுப்பது வெளியே போன பின்னர். லண்டனில் இருப்பவர்கள் 0800 111 999 என்ற இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். உரியவர்கள் வந்து சோதித்துச் சொல்லும்வரை உள்ளே திரும்பலாகாது. மணம் குறைந்துவிட்டது போலத் தோன்றுவதை நம்ப முடியாது. சிறிது நேரத்தில் மூக்கு பழகி மரத்துப்போகும்.

ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் குழாய்வழி வரும் மெதேன் காற்றைவிட இலேசானது, மேலெழும். இலங்கையில் நாம் பாவிக்கும் 12.5 கிலோ சிலிண்டரிலுள்ள வாயு காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து, மேசைக்குக் கீழும் வடிகாலுக்குள்ளும் தேங்கும். உயரத்திலுள்ள சிறு யன்னலைத் திறந்தால் மட்டும் போகாது. கதவையும் அகலத் திறக்க வேண்டும். பாயில் படுத்துறங்கும் வீட்டில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உறங்குபவரை மணம் எழுப்புவதில்லை. 1968ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி விடியற்காலையில், கிழக்கு லண்டனின் கனிங் ரவுணில் இருந்த ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் வசித்த ஒரு பெண்மணி தேநீர் போடத் தீக்குச்சி உரசினார். அடுப்பை இணைத்த பித்தளைச் சுரை தரக்குறைவானது. உடைந்து இரவில் வாயு கசிந்திருந்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் இறந்தனர், அந்தப் பெண்மணி உயிர்தப்பினார். இன்று நம்மவர் கடைகள் நிறைந்த ஈஸ்ட்ஹாம் அங்கிருந்து அதிக தூரமில்லை. கொவிட் வந்து மணம் அறியும் ஆற்றலை இழந்தவர்களும், முதுமையால் அது குன்றியவர்களும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் தனித்திருக்கும் வீட்டில் வாயுக்கசிவை உணர்த்தும் கருவி ஒன்றைப் பொருத்துவது வீண்செலவு அன்று. மெதேனுக்கெனின் மேலே, சிலிண்டருக்கெனின் தரைக்கு அருகே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் இலங்கையின் சமையலறைகளில் வெடிப்புச் சம்பவங்கள் நாள்தோறும் செய்தியாயின. சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டுச் சமைத்தார்கள். பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, வாயுவின் சேர்மானத்தில் செய்யப்பட்ட மாற்றமே பிரதான காரணம் என்று கண்டது. புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்தது. புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனுடையதிலும் பன்மடங்கு. பாவனையாளருக்கு அதுபற்றி எவரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த டிசம்பரில் வந்த செய்திகளுள் ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. கப்பலில் வந்த எரிவாயுவில் எதைல் மேர்காப்டன் போதிய அளவில் இல்லை என்று கண்டு, அதனை இறக்குவதற்கு நுகர்வோர் அதிகாரசபை இணங்க மறுத்தது. வெடிப்புச் செய்திகளுக்கு நடுவே அது சிறிதாகவே வெளிவந்தது. மறுநாள் ஒரு வாசகர் ஆசிரியபீடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வயதானவர், மலையகத்திலிருந்து பேசினார். “நாத்தம் கொறஞ்சா நல்லதுதானேங்க, அதுக்காகவா கப்பல நிறுத்துறாங்க?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. செய்தியில் நாங்கள் அதற்கு ஒரு வரிகூட விளக்கம் தந்திருக்கவில்லை. பக்கம் அச்சுக்குப் போகும் நேரம். இருந்தும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, 1937இல் டெக்சாஸில் ஒரு பாடசாலை இருந்தது ஐயா என்று தொடங்கினேன்.