அலாஸ்கா பழங்குடியினரின் பல் நலம்

அமெரிக்காவில் பல் சொத்தை மிகுதியாகக் காணப்படும் சமூகங்களில் அலாஸ்கா மாநிலத்தின் யுப்பிக், இனுப்பியாட், அதபாஸ்கன் முதலிய பழங்குடிகள் முன்வரிசையில் உள்ளன. இந்நிலை பழங்காலம் தொட்டு இருந்ததன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் உருவானது. இதை எதிர்கொள்ளப் பழங்குடி நல அமைப்புகள் உள்ளூர் இளைஞர்களையே பல் சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தன. அம்முயற்சி வழக்குமன்றம் வரை சென்று, பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

சால்மன் மீன், கடல்நாய் இறைச்சியும் கொழுப்பும், காட்டுமான், கோடையில் பறித்துச் சேமிக்கும் பழங்கள் ஆகியவையே இம்மக்களின் பழைய உணவு. மாவும் சர்க்கரையும் அதில் இல்லை. முதியோரின் பற்கள் தேய்ந்திருந்தன. காலணிக்கான தோலைப் பெண்கள் பல்லால் கடித்து மென்மையாக்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் சொத்தை அரிது. வணிகக் கடைகள் வந்த இடங்களில் நிலைமை மாறியது. 1930களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவர் லூமன் வா அலாஸ்காக் கடற்கரை ஊர்களுக்குச் சென்று, கடையுணவு பரவுவதையும் பற்கள் கெடுவதையும் பதிவு செய்தார்.

அண்மைக் கால நிலையை அறிய மேற்கு அலாஸ்காவின் யூகான்–கஸ்கோக்விம் கழிமுகப் பகுதி தக்க சான்று. பெத்தேல் என்ற சிறுநகரைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட யுப்பிக் கிராமங்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் சாலைகள் கிடையா. போக்குவரத்து சிறு விமானம், படகு, குளிர்காலத்தில் பனிவண்டி. 2008-இல் இப்பகுதிக் கிராமங்கள் சிலவற்றில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்வில், 4–5 வயதுக் குழந்தைகளில் 87 விழுக்காட்டினருக்கும் 12–15 வயதினரில் 91 விழுக்காட்டினருக்கும் சொத்தை இருந்தது. இதே வயதுகளில் அமெரிக்கக் குழந்தைகளின் பொது அளவு 35, 51 விழுக்காடு. எண்ணிக்கையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது: நான்கைந்து வயதுக் குழந்தை ஒன்றுக்குப் பாதிக்கப்பட்ட பற்கள் சராசரியாக 7.3, நாட்டளவில் 1.6.

பல் துலக்காததே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது, ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. பல வீடுகளுக்குக் குழாய்நீர் வந்ததில்லை. சுமந்துவரும் தண்ணீரைச் சிக்கனமாகவே செலவிட வேண்டும். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு சேர்த்த குடிநீர் ஒருசில கிராமங்களில்தான் கிடைத்தது. அந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாக இருந்ததை 2008 ஆய்வே காட்டியது. விமானத்தில் வந்திறங்கும் காய்கறியும் பாலும் விலை மிகுந்தவை, விரைவில் கெடுபவை. டப்பாவில் அடைத்த சர்க்கரைப் பானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வாயைப் பாதிக்கும் இன்னொரு பழக்கம், புகையிலையுடன் மரக்காளானின் சாம்பலைக் கலந்து மெல்லும் ‘இக்மிக்’. சாம்பல் நிக்கோட்டினை வேகமாக உடலில் ஏறச் செய்கிறது.

பல் மருத்துவர் கிராமத்துக்கு வருவதோ ஆண்டில் சில நாட்கள். அதற்குள் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல், பிடுங்க வேண்டிய பல்லாகிவிடும். பால் பற்கள் முழுவதும் கெட்ட குழந்தைகளை நகருக்கு விமானத்தில் கொண்டுபோய், மயக்க மருந்து கொடுத்து ஒரே அமர்வில் சிகிச்சை செய்வது வழக்கமாயிற்று.

காசநோய் பரவலாக இருந்த காலத்திலிருந்து அலாஸ்காக் கிராமங்களில் உள்ளூர் நலப் பணியாளர்கள் இருந்துவருகின்றனர். பல்லுக்கும் அத்தகையவர்களை உருவாக்க முனைந்த பழங்குடி அமைப்புகளுக்கு நியூசிலாந்து முன்மாதிரியானது. அங்கே 1921 முதலே, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கப் பல் செவிலியர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தரப்பட்டது. அமெரிக்காவில் அப்படியொரு படிப்பே இல்லாததால், 2003-இல் முதல் அணி மாணவர்கள் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் சொத்தையை அடைத்தல், எளிய முறையில் பல் பிடுங்குதல், பால் பற்களுக்கு எஃகுக் கவசம் இடுதல், ஃபுளோரைடு பூசுதல் ஆகியவற்றைச் செய்தனர். மேற்பார்வையிடும் பல் மருத்துவர் தொலைவில் இருந்தபடியே ஆலோசனை வழங்குவார்.

அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. மருத்துவப் பட்டம் இல்லாதவர் பல்லைக் குடைவதும் பிடுங்குவதும் சட்டவிரோதம், பழங்குடிகளுக்கு இரண்டாந்தர வைத்தியம் என்று வாதிட்டு, அலாஸ்கா மாநிலச் சங்கத்துடன் சேர்ந்து 2006-இல் வழக்குத் தொடுத்தது. அந்தக் கிராமங்களில் ஆண்டு முழுவதும் தங்கியிருந்து முதல்தர வைத்தியம் தர எவரும் இல்லை என்பது வாதத்தில் அடிபட்டுப் போனது. கூட்டாட்சிச் சட்டப்படி சான்று பெற்றவர்களுக்கு மாநில உரிமம் தேவையில்லை என 2007-இல் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு பயிற்சி அலாஸ்காவுக்கே வந்தது: முதலாண்டு ஆங்கரேஜில், இரண்டாமாண்டு பெத்தேலில்.

2010-இல் வெளியான மதிப்பீடு இவர்களின் சிகிச்சை பாதுகாப்பானது, திறமையானது என்று கண்டது. பின்னர் யூகான்–கஸ்கோக்விம் பகுதியின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இவர்கள் அதிக நாட்கள் பணியாற்றிய ஊர்களில் குழந்தைகளுக்கு முன்பற்களைப் பிடுங்குவதும் மயக்க மருந்துச் சிகிச்சையும் குறைந்திருந்தன.

இதற்கிடையே மினசோட்டா மாநிலமும் 2009-இல் பல் சிகிச்சையாளர்களுக்குச் சட்டம் இயற்றியது. ஆனால் 2010-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமோ, அலாஸ்காவுக்கு வெளியே பழங்குடிகள் இவர்களை அமர்த்த மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தடை போட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்வினோமிஷ் பழங்குடியினர் அதற்குக் காத்திருக்கவில்லை. சொந்த உரிம முறையை அமைத்துக்கொண்டு 2016-இல் தங்கள் முதல் சிகிச்சையாளரைப் பணியில் அமர்த்தினர். மறு ஆண்டே அம்மாநிலம் பழங்குடி நிலங்களில் இதை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது.