பள்ளிக்கு இலவசப் பயணம்: புதுக்கோட்டை மாவட்டத்தில் யாருக்கு, எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் பள்ளிக்குப் போய்வர ஒரே ஒரு திட்டம் என்று எதுவும் இல்லை. அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை, தொலைவான குடியிருப்புகளுக்குப் போக்குவரத்துப் படி, மேல்நிலை வகுப்பில் விலையில்லா மிதிவண்டி என ஏற்பாடுகள் பலவாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு, பொறுப்பேற்கும் துறையும் வேறு.

சட்ட அடிப்படை

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியை உறுதிசெய்யும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சேர்த்தே விதிக்கிறது. தமிழ்நாட்டின் 2011 விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ. தொலைவுக்குள்ளும் நடுநிலை வகுப்புகள் 3 கி.மீ. தொலைவுக்குள்ளும் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2010 விதிகள் காட்டிய வழி. மாற்றுத்திறன் காரணமாகப் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வாகன ஏற்பாட்டுக்கு முயல வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

காகிதத்தில் இது தொலைவை அளந்து தரும் உரிமை. ஆனால் அன்றாடம் மாணவரை ஏற்றிச் செல்வது பஸ் பாஸ்தான். அதற்குத் தொலைவுக் கணக்கு கிடையாது.

பஸ் பாஸ்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 1 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் இலவசமாகப் பயணம் செய்யலாம். புதுக்கோட்டை மண்டலம் கும்பகோணம் கோட்டத்தின் கீழ் வருகிறது. மாணவர் தனியாக எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. ஏறும் நிறுத்தம், இறங்கும் நிறுத்தம், புகைப்படம் ஆகியவற்றைப் பள்ளியே திரட்டித் தலைமையாசிரியர் வழியாக அனுப்பும். போக்குவரத்துக் கழகம் அட்டையை வழங்கும். அதற்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்யும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புது அட்டை கைக்கு வந்துவிடாது. அதுவரை சீருடையில் இருப்பவர்களையும் பழைய பாஸ் வைத்திருப்பவர்களையும் கட்டணம் கேட்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று நடத்துநர்களுக்கு ஆண்டுதோறும் அறிவுறுத்தப்படுகிறது. அந்த வாரங்களில் சட்டைதான் பயணச்சீட்டு.

தனியார் பேருந்திலும் மினி பஸ்ஸிலும் இந்தப் பாஸ் செல்லாது. பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இதுதான் பெரிய இடறல். காலையில் அந்தத் தடத்தில் மினி பஸ் மட்டுமே ஓடினால், பாஸ் பையில் இருந்தும் பிள்ளை சில்லறையை எண்ணிக் கொடுத்துத்தான் ஏற வேண்டும். மாணவிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்துகளில் ஏறும் மாணவிக்குப் பாஸ் தேவைப்படாது. புறநகர்ப் பேருந்துகளில் ஏறினால்தான் பாஸை எடுக்க வேண்டியிருக்கும்.

போக்குவரத்துப் படி

பேருந்து வசதியற்ற, ஆள்நடமாட்டம் குறைந்த பகுதிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் கைகொடுக்கிறது. பள்ளி இல்லாத குடியிருப்பு என்று அடையாளம் காணப்பட்ட இடத்துப் பிள்ளைக்கு, வாகனத்துக்கும் துணைக்கு வருபவருக்குமாக ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய் வரை இதில் ஒதுக்க முடியும். தொடக்கக் கல்வியோடு நின்றிருந்த இந்த ஏற்பாட்டை 2021இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது உயர்நிலை வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான பயணப்படியும் துணையாளர் படியும் தனி.

மிதிவண்டி

பேருந்துக்காகக் காத்திருக்காத ஏற்பாடு மிதிவண்டி. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. இப்போது 11ஆம் வகுப்பில் வழங்குகிறார்கள்.

இதில் புதுக்கோட்டைக்கு ஒரு முன்கதை உண்டு. 1991இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பழகிய கிராமத்துப் பெண்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி. அரசு மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, பெண் சைக்கிளில் போவது இந்த மாவட்டத்துச் சாலைகளில் பழகிய காட்சியாகிவிட்டது.

இங்கிலாந்தில் எப்படி?

ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நேரடியாக உள்ளாட்சி மன்றத்தின் தலையில் விழுகிறது. 1996 கல்விச் சட்டப்படி, 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள தகுந்த பள்ளி 8 வயதுக்குக் கீழ் 2 மைலுக்கும், அதற்கு மேல் 3 மைலுக்கும் அப்பால் இருந்தால் மன்றம் இலவசப் பயணம் தர வேண்டும். நடைவழி பாதுகாப்பற்றது என்றாலோ, உடல்நிலை காரணமாக நடக்க முடியாது என்றாலோ தொலைவு குறைவாக இருந்தாலும் உரிமை உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதல் சலுகையும் இருக்கிறது. ஆனால் அருகில் இடம் இருந்தும் பெற்றோர் விரும்பித் தூரத்துப் பள்ளியைத் தேர்ந்தால் பொதுவாகச் செலவு அவர்களுடையது.

புதுக்கோட்டையில் இது தலைகீழ். அன்னவாசல் பக்கத்து மாணவர் புதுக்கோட்டை நகரத்துப் பள்ளியில் சேர்ந்தால், ஏன் பக்கத்துப் பள்ளியில் சேரவில்லை என்று பாஸ் கேட்பதில்லை. பள்ளி மணிக்கு ஏற்ற பேருந்து அவருடைய ஊருக்கு வந்தே தீர வேண்டும் என்ற உத்தரவாதத்தையும் அது தருவதில்லை.

யாரிடம் கேட்பது?

பாஸ், மிதிவண்டி, போக்குவரத்துப் படி எதுவானாலும் முதல் கதவு தலைமையாசிரியர்தான். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் குடியிருப்பின் தேவையைத் தீர்மானமாகவே பதிவு செய்யலாம். பேருந்து நேரத்தை மாற்றவோ புதிய தடம் கேட்கவோ போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும், திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.