செட்டிநாட்டு மனைகளும் ஆத்தங்குடிப் பூங்கல்லும்

பொருள் தேடி ஊர்விட்டுச் சென்றவர், தாம் ஈட்டியதைப் பிறந்த மண்ணில் ஒரு வீடாக எழுப்பிக் காண விழைவது இயல்பு. போடிமெட்டு ஏறிச் சின்னக்கானல், சூரியநெல்லித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் அவ்வாறே விழைந்தனர், பொருள்தான் போதவில்லை. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாருக்கோ அது பெருமளவில் கிட்டிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் செட்டிநாட்டில் மாளிகைகள் எழுந்தன. கானாடுகாத்தானில் அண்ணாமலை அரசர் எழுப்பிய அரண்மனை 1912இல் நிறைவுற்றது என்பர்.

இம்மனைகளைக் காணச் செல்வோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையுமே வியந்து பேசுகின்றனர். அவை பணத்தால் வந்தவை. கையால் வந்தவற்றையே நாம் நின்று காணுதல் வேண்டும். தலைவாயில் நிலையின் மேல் தச்சர் செதுக்கிய கஜலட்சுமி, முகப்பில் கொத்தர் வடித்த சுதையுருவங்கள், வளவைச் சூழ்ந்த சுவர்களின் பூச்சு ஆகியவை அத்தகையன. பூச்சு ஒன்றே போதும், அவர்தம் பொறுமையைக் காட்ட. சுண்ணாம்பைக் குழைத்துக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் படலம் படலமாய்ப் பூசுவர். கடைசிப் படலத்தில் முட்டை வெண்கரு சேரும். பின்னர் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கெனப் பளபளக்கச் செய்வர். மனையை எடுப்பித்தவர் பெயரை ஊரார் உடனே சொல்வர். சுவரைத் தேய்த்தவர் பெயரைக் கேட்டால் விடை வருவதில்லை.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அந்நாட்டு வணிகம் குலைந்தது. ஒரு மனைக்குப் பங்காளிகள் பலராயினர். பராமரிக்க வழியின்றிப் பல மனைகள் பிரிக்கப்பட்டன. தூணும் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளை அடைந்து, அங்கிருந்து விடுதிகளுக்கும் புதுப் பணக்காரர் இல்லங்களுக்கும் சென்றன. மரபைப் போற்றுகிறோம் என்று சொல்லியே ஒரு மரபு வீட்டைக் கலைத்து மற்றொன்றை அலங்கரிக்கும் இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. செதுக்கியதை விற்கலாம், செதுக்குபவருக்கு அதனால் ஒரு நாள் கூலியும் சேர்வதில்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பியூப்லோ என்னும் தொல்குடியினர் பல நூற்றாண்டுகளாக மண்ணால் வீடு கட்டி வாழ்கின்றனர். நம் கிராமத்துப் பெண்கள் சாணமிட்டுத் தரை மெழுகுவது போல, அங்கும் சுவருக்கு மண் பூசுதல் பெண்கள் கைத்தொழிலாக இருந்து வந்தது. கானாடுகாத்தான் அரண்மனை நிறைவுற்ற அதே 1912இல், சாண்டா பே நகரத்தார் அந்தப் பழம்பாணியிலேயே தம் நகரை அமைக்கத் திட்டமிட்டனர். 1957இல் பழைய நகர்ப் பகுதிக்கு அதனைச் சட்டமாகவும் ஆக்கினர். ஜான் கா மீம் போன்ற கட்டடக் கலைஞர்கள் செதுக்கிய போதிகைகளையும் தகர வேலைப்பாடுகளையும் விரும்பிக் கையாண்டனர். ஆயினும் நாளடைவில் வேறு பொருளால் கட்டி, மண்ணிறச் சிமெண்டு பூசும் வழக்கமும் பரவிற்று. கூரையைத் தாங்கிச் சுவருக்கு வெளியே நீண்ட உத்திரத்தின் நுனி, சில கட்டடங்களில் எதனையும் தாங்காத மரத்துண்டாக ஒட்டப்பட்டது!

ஆத்தங்குடியில் நிலைமை வேறு. அங்குப் பூங்கல் இன்றும் கையாலேயே வார்க்கப்படுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறங்கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவர். அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் கலந்து மேலே நிரப்பி அழுத்துவர். உலர்ந்ததும் சில நாள் நீரில் ஊறவிடுவர். கண்ணாடியினின்று கல் பிரியும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஏறியிருக்கும். சூளை வேண்டுவதில்லை. குழம்பை ஊற்றுபவர் கையசைவுக்கேற்பக் கோடுகள் சற்றே வளைவதால், ஒரே அச்சில் வார்த்த இரு கற்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

இன்று சென்னையிலும் கொச்சியிலும் எழும் புதுவீடுகளுக்கு இக்கல் செல்கிறது. எந்தப் பழைய மனையையும் பிரிக்காமல் செல்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒருவர் கூலி பெறுகிறார். இல்லத்தரசியர் தரையில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைக்க, நடக்க நடக்க அதன் மெருகு கூடுகிறது.