கொங்குநாட்டில் திருச்சபை ஒன்றிப்பு

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரங்களின் சீர்திருத்தச் சபைகள் 20ஆம் நூற்றாண்டில் ஒரே திருச்சபையாக இணைந்த வரலாறு இது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. ஆனால் கொங்குநாட்டின் லண்டன் மிஷன் வழிச் சபைகள் அதில் சேர்ந்தது 1950இல்தான். அந்த மூன்றாண்டு இடைவெளியில்தான் இவ்வரலாற்றின் சாரம் இருக்கிறது.

லண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் 1827இலும், கோவையில் டபிள்யூ. பி. அடிஸ் மூலம் 1830இலும் பணி தொடங்கியது. தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட்டுகள் ஊழியம் செய்தனர். மிஷன்கள் ஊர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதால், ஒருவர் எந்தச் சபையினர் என்பதை அவர் பிறந்த ஊரே முடிவு செய்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகக் கோவை வந்த ஆங்கிலிக்கன் குடும்பம், வேறொரு முறைமையுள்ள ஆலயத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. பிரிவு எவ்வளவு அர்த்தமற்றது என்பதை இறையியல் நூல்களுக்கு முன்பே அன்றாட வாழ்க்கை விசுவாசிகளுக்குக் காட்டிவிட்டது.

லண்டன் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் அடங்கின. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி ஒன்றிப்புக்கு அறைகூவல் விடுத்தனர். அவர்களில் இருவர் தவிர ஏனையோர் இந்தியர்; ஆங்கிலிக்கன் பேராயர் வி. எஸ். அசரியா முன்னணியில் நின்றார். மேலைநாட்டாரின் பழைய சண்டைகளை இந்தியச் சபைகள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பின்னால் இருந்தது. பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. பெரிய சிக்கல் பேராயர் பதவி. ஆங்கிலிக்கன் மரபு அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் மரபில் வளர்ந்தவர்களுக்கோ அது அந்நியமாகப் பட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபையார் இணைந்தபோது, ஐக்கிய சபையின் கொங்குப் பகுதிப் பிரிவான வட தமிழ்ச் சபைச் சங்கம் மட்டும் வெளியே நின்றது. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. சபை மக்களின் உரிமையைக் காக்க நினைத்தவர்களின் தயக்கம் அது.

1950இல் அச்சங்கமும் சேர்ந்தது. கோயம்புத்தூர்த் திருமண்டலம் அமைந்தது. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975). பாளையங்கோட்டையில் பிறந்தவர், தந்தை சைவத்திலிருந்து கிறிஸ்தவரானவர். யோவான் நற்செய்தியின் அனுபூதியையும் பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். கிறிஸ்தவ வாழ்வைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் வெளியிட்டார். இந்தப் பக்தி வழி விளக்கத்துக்கு ஏற்ற மண் கொங்கில் முன்பே பண்பட்டிருந்தது: ஈரோட்டில் ஊழியம் செய்த ஹெச். ஏ. பாப்லி, நம் இசையில் நற்செய்தியைச் சொல்வதில் ஈடுபட்டவர். 1931இல் திருக்குறளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் தந்தவர்.

அப்பாசாமியின் தனிச்சிறப்பு, உண்மையை அறியும் ஆதாரங்களான பிரமாணங்களைப் பற்றிய அவரது சிந்தனை. இந்திய மெய்யியலின் சுருதி (மறைநூல்), யுக்தி (பகுத்தறிவு), அனுபவம் ஆகியவற்றோடு நான்காவதாகச் சபையையும் சேர்த்தார். கடவுளை அறியத் தனிமனித அனுபவம் வேண்டும். ஆனால் அது தடம் மாறாதிருக்க, கூடி வழிபடுவோரின் சாட்சியமும் வேண்டும் என்பது அவர் நிலை. ஒன்றிப்பைச் சட்ட ஏற்பாடு என்ற அளவில் நிறுத்தாமல், ஆன்மிகப் புத்துயிரின் ஊற்றாக இந்தச் சிந்தனை உயர்த்துகிறது. தமிழகத்தில் சபை ஒற்றுமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதைவிட ஆழமானது வேறில்லை எனலாம்.

அப்பாசாமி 1959இல் ஓய்வுபெற்றார். ஒன்றிப்பு எல்லாரையும் உள்ளடக்கவில்லை: கத்தோலிக்கர், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபையார் தென்னிந்தியத் திருச்சபைக்கு வெளியேதான் உள்ளனர். கொங்குநாட்டின் சபை வரலாற்றை எழுத முனைவோர், 1947இன் கொண்டாட்டத்துக்குத் தரும் இடத்தை 1950இன் தாமதமான சம்மதத்துக்கும் தர வேண்டும்.