விளைச்சல் கணக்கும் கயிற்றோரத்துத் தூரும்

பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாவட்டத்தின் நெல் விளைச்சலென்று அரசு ஏட்டில் ஏறிய எண், பெரும்பாலும் எவரும் அளந்து பெற்றதன்று. கிராம அலுவலர் பயிரைக் கண்ணால் கண்டு, நிறைவான விளைச்சலைப் பல இடங்களில் பதினாறு அணாவாகக் கொண்டு, அவ்வாண்டின் விளைச்சல் பத்தணா, பன்னிரண்டணா என மதிப்பிட, அவ்விகிதத்தை இயல்பு விளைச்சலோடும் சாகுபடிப் பரப்போடும் பெருக்கிப் பெற்றதே அந்த எண். அணாவாரி எனப்பட்ட இம்முறையில், விளைச்சல் குறைந்தால் வரித் தள்ளுபடிக்கு வழி பிறக்கும் என்பதால், மதிப்பீடு கீழ்நோக்கிச் சாய்வதற்கே காரணம் மிகுதி.

அறுத்து அளந்தாலும் சாய்வு நீங்கிவிடவில்லை. 'சராசரி வயலைத் தேர்க' என்று ஆணையிட்டால், அலுவலரின் கால் நன்கு விளைந்த வயலை நோக்கியே நடக்கும். பீகார்-ஒரிசா மாகாணத்தில் 1920களில் ஜே. ஏ. ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, அறுக்கும் இடத்தை மனித விருப்பத்துக்கு விடாமல், எல்லா இடத்துக்கும் ஒரே வாய்ப்பளிக்கும் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து, முடிவுகளை 1927இல் வெளியிட்டார். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல், நெல் கணக்கெடுப்புகளில் இதை விரிவாக்கியதோடு, ஒரே பகுதியை இரு குழுக்கள் தனித்தனியே அளக்கச் செய்து, முடிவுகளின் வேறுபாட்டிலிருந்து களப்பணியாளரின் பிழையைக் கண்டறியவும் வழிசெய்தார்.

எனினும், சாய்வு வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது. சிறு பரப்பை அறுக்கையில், எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரைத் தம்மையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்வோர் அதிகம் என்பதால் விளைச்சல் கூடித் தெரியும். இரண்டடி ஆரமுள்ள வட்டத்தில், ஒரு சதுர அடிக்கு அமையும் எல்லை நீளம், ஐந்து மீட்டர் சதுரத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே 1946இல் இச்சாய்வைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுத, சிறு அறுவடைகளே செலவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டும் என்ற மகலனோபிஸ் தரப்போடு நீண்ட விவாதம் மூண்டது. இருதரப்பிலும் நியாயம் இருந்தது என்றாலும், கைப்பழக்கம் குறித்த சுகாத்மேயின் ஐயமே நடைமுறையில் நிலைத்ததெனலாம்.

இன்றைய பயிர் அறுவடைப் பரிசோதனையில், வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து சமவாய்ப்பு எண்கள் காட்டும் தொலைவில் முளையடித்து, நெல்லுக்கு ஐந்து மீட்டர் சதுரம் கயிறு கட்டி வகுக்கப்படுகிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அதற்குள் அறுத்த நெல்லின் எடையைப் பெரிதும் சார்ந்திருப்பதால், ஒவ்வொரு கைப்பிடிக் கதிரும் வழக்குக்குரியதாகிவிடுகிறது. கயிற்றின்மேல் நிற்கும் தூர், பாதிக்கு மேல் உட்புறம் இருந்தால் மட்டுமே அறுவடைக்குரியது என்ற விதி அதனால் மேலும் முக்கியமாகிறது.